கூடைப்பந்தில் யார் பெரியவர்? பட்டியல் சறுக்கும் இடங்கள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஃபைனல்ஸ் நமக்கு விடிகாலையில்தான் வரும். ஆட்டம் முடிந்து காபி ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும்: மைக்கேல் ஜோர்டனா, லெப்ரான் ஜேம்ஸா? நானும் பட்டியல் போடுகிறவன்தான், வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறவன்தான். ஆனால் எல்லாப் பட்டியலும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகின்றன.

மோதிரத்தை எண்ணுவது அதில் ஒன்று. கோப்பை வென்ற அணியில் பெஞ்சில் இருப்பவருக்கும் மோதிரம் உண்டு. ராபர்ட் ஹோரியிடம் 7, மைக்கேல் ஜோர்டனிடம் 6. அதற்காக ஹோரியை மேலே வைக்க யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் லெப்ரானை மட்டம்தட்ட மட்டும் அந்தக் கணக்கு வந்துவிடும்: பத்து ஃபைனல்ஸ் ஆடி ஆறில் தோற்றாராம், ஜோர்டன் ஆறுக்கு ஆறாம். 1985, 86, 87 மூன்று வருடமும் ஜோர்டனின் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியதே, அது எந்தக் கணக்கில் வரும்? கடைசிவரை வந்து தோற்றால் களங்கம், முதல் சுற்றில் தோற்றால் குற்றமில்லை என்பது விநோதமான நியாயம்.

இதைவிடப் பெரிய தப்பு, எண்ணை அதன் காலத்திலிருந்து பிய்த்து எடுப்பது. 1961-62 சீசனில் வில்ட் சேம்பர்லெயினின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். அதே சீசனில் ஆஸ்கர் ராபர்ட்சன் ட்ரிபிள் டபுள் சராசரி எடுத்தார், அதாவது புள்ளி, ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை போட வழிசெய்யும் பாஸ்) மூன்றிலும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல்; 2016-17-இல் ரஸல் வெஸ்ட்புரூக்கும் எடுத்தார். இரண்டும் ஒன்றா? அறுபதுகளின் தொடக்கத்தில் ஓட்டமே வேறு. ஓர் அணி ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் கூடையை நோக்கி எறியும், அதில் பாதிக்கு மேல் உள்ளே போகாது. அத்தனையும் யாரோ ஒருவருக்கு ரீபவுண்ட். வெஸ்ட்புரூக் காலத்தில் எறிவதே 85 தடவைதான்.

வில்ட்டின் அந்த 100 புள்ளி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1962 மார்ச் 2, ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊர், பார்வையாளர்கள் நாலாயிரத்துச் சொச்சம். டிவி கிடையாது, ஆட்டத்தின் வீடியோவும் இல்லை. கடைசிக் கால்பகுதியில் சக ஆட்டக்காரர்கள் பந்தை வில்ட்டிடமே தள்ளினார்கள். எதிரணியான நியூயார்க் நிக்ஸ், பந்து அவரிடம் போகாதபடி மற்றவர்களை ஃபவுல் செய்தது. பதிலுக்கு வில்ட்டின் அணி, பந்தைச் சீக்கிரம் திரும்பப் பெற நிக்ஸை ஃபவுல் செய்தது. கூத்துதான். ஆனாலும் 63 எறிகளில் 36, அதோடு ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத எறி) 32-க்கு 28! வாழ்நாள் முழுக்க ஃப்ரீ த்ரோவில் திண்டாடிய மனிதர் அவர். கூத்து என்று ஒதுக்குவதும் தப்பு, 100 என்பதோடு நிறுத்திக்கொள்வதும் தப்பு. இன்னொன்று: அந்த சீசனின் எம்விபி (மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) வில்ட் இல்லை, பில் ரஸல். அப்போது ஓட்டுப் போட்டது சக ஆட்டக்காரர்களே.

ரஸலை நினைத்தால்தான் அடுத்த தப்பு புரியும். எண்ணாததைப் பூஜ்யம் என்று படித்துவிடுகிறோம். பிளாக்கையும் (எதிராளியின் எறியைத் தடுப்பது) ஸ்டீலையும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) என்பிஏ கணக்கெடுக்கத் தொடங்கியது 1973-74-இல். தடுப்பாட்டத்தாலேயே 13 சீசன்களில் 11 கோப்பை வாங்கிக் கொடுத்த ரஸல் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். ஃபைனல்ஸ் எம்விபி விருதும் 1969-இல்தான் வந்தது. அது அவருடைய கடைசி சீசன். விருதோ தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்ட்டுக்குப் போனது. ஆக ரஸலின் பெயருக்கு நேரே பூஜ்யம். இன்று அந்த விருதுக்கே அவர் பெயர்தான். மூன்று புள்ளிக் கோடும் அப்படியே, என்பிஏவில் 1979-80-க்கு முன் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான்.

அப்புறம், ‘தொழில்முறை’ என்று தலைப்புப் போட்டுவிட்டு என்பிஏவை மட்டும் பார்ப்பது. என்பிஏவுக்குப் போட்டியாக அன்று நடந்த ஏபிஏ லீகின் புள்ளிகளையும் சேர்த்தால் ஜூலியஸ் எர்விங் 30,000-ஐத் தாண்டுகிறார். ஐரோப்பாவில் ஆடிவந்த அர்விதாஸ் சபோனிஸ் என்பிஏவின் போர்ட்லண்ட் அணிக்கு வந்து சேர்ந்தபோது வயது 30. குதிகால் தசைநாண் ஏற்கெனவே அறுந்து தேறியிருந்தது. சிந்தியா கூப்பரோ பல வருடம் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஆடினார். 1997-இல் பெண்களுக்கான டபிள்யூஎன்பிஏ தொடங்கும்போது அவருக்கு 34. முதல் நான்கு கோப்பைகளையும் அவருடைய ஹூஸ்டன் காமெட்ஸ் அள்ளியது. நான்கு முறையும் ஃபைனல்ஸ் எம்விபி அவர்தான். என் பட்டியலில் அவர் பெயர் போன வருடம்தான் ஏறியது.