ஏசி நாற்றமும் வேப்பஞ்சருகும்

காரில் ஏசி போட்டால் காயாத ஈரத்துணி நாற்றம். காற்றும் நாலாம் நம்பரில் வைத்தால்தான் முகத்தில் படும். கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். சர்வீஸில், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும் என்றார்கள். ஃபில்டர் விலைக்கு மேல் கூலியும் சொன்னார்கள். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

என் காரில் அது, முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் கீழே தொங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். பின்னால் நீளவாக்கில் ஒரு மூடி. ஓரத்து க்ளிப்பை அமுக்கி எடுத்து, ஃபில்டரை இழுத்தேன். மடியில் கொட்டியது ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு! வெள்ளை மடிப்புகளெல்லாம் வறட்டி நிறத்தில் இருந்தன. மரத்தடியில் நிறுத்துவதன் பலன். அதற்காக நிழலை விட முடியுமா?

உள்ளே இருந்த தூசியைத் துடைத்து, புதியதைச் செருகி மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது, ஃபில்டர் ஓரத்தில் ஒரு அம்புக்குறி இருந்ததே! காற்று போகும் திசை அது. நான் போட்டிருந்தது தலைகீழ். மறுபடி கழற்றித் திருப்பிப் போட்டேன். பழையதை எடுக்கும்போதே ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்.

இப்போது இரண்டாம் நம்பரே போதும். நாற்றம் முழுசாகப் போகத்தான் இரண்டு நாள் ஆனது.