குரோமியக் கழிவுநீரைச் சுத்திகரித்த என் அனுபவம்

கோவையில் நான் பொறுப்பேற்ற சிறிய மின்முலாம் கூடத்தில், கழுவுநீரில் எவ்வளவு சுண்ணாம்பு கொட்டியும் மஞ்சள் நிறம் போகவில்லை. அந்த மஞ்சளுக்குக் காரணமான ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) சுண்ணாம்புக்கு வீழ்படிவதில்லை, அதாவது திண்மமாகி அடியில் படிவதில்லை என்பதே காரணம். எனவே, அதை வீழ்படியக்கூடிய மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்ற, முதலில் கந்தக அமிலத்தால் பிஎச் அளவை 2.5க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கினேன் (நெடி மூக்கைத் துளைக்கும், காற்றோட்டம் கட்டாயம்). மஞ்சள் முழுவதும் பச்சையாக மாறியபின் சுண்ணாம்புப் பாலால் பிஎச்சை 8.5க்கு உயர்த்தியதும், குரோமியம் ஹைட்ராக்சைடு சாம்பல் கலந்த பச்சைத் திரளாக அடியில் படிந்தது. ஆறு இணைதிறன் குரோமியம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் டைஃபீனைல் கார்பசைடு சோதனையில் ஊதா தோன்றினால், தெளிநீரைத் திறந்துவிடாமல் மீண்டும் தொட்டிக்கே அனுப்புகிறேன். நீர்நிலைகளில் விடுவதற்கு ஆறு இணைதிறன் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். படிந்த சேற்றை அழுத்தி வடிகட்டி, அபாயக் கழிவாகவே ஒப்படைக்கிறோம். அமிலம் பட்டால் கொடிய நச்சு வாயு எழும் என்பதால், சயனைடு கலந்த கழுவுநீர் இந்த அமிலத் தொட்டிப் பக்கமே வராதபடி தனிக் குழாயில் செல்கிறது.