மெரிடா சந்தையில் சாப்பிடக் காலையே நல்ல நேரம்

மெக்சிகோவின் யுகாத்தான் மாநிலத் தலைநகர் மெரிடாவுக்குப் போனால், சாந்தா அனா சந்தையின் சிறு கடைகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கொச்சினீட்டா பிபில் என்ற பன்றி இறைச்சிப் பதார்த்தம்தான் அங்கே காலை உணவு. மதியத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அச்சியோத்தே விதை விழுதிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றிலும் ஊறிய பன்றி இறைச்சியை வாழை இலையில் பொதிந்து மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். பெயரில் உள்ள 'பிப்' என்றால் மாயா மொழியில் மண்ணில் தோண்டிய அடுப்பு. மெல்லிய சோள ரொட்டியில் வைத்துத் தரும் டாக்கோவாகக் கேட்டு வாங்கி, மேலே வெங்காய ஊறுகாயைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்ச் சட்னியை மட்டும் முதலில் ஒரு துளி தொட்டுப் பாருங்கள்; காரத்துக்குப் பழகிய நாக்கையும் அது சுட்டுவிடும். பன்றி இறைச்சி வேண்டாம் என்பவர்கள் பாப்பட்சூலேஸ் கேட்கலாம்: பூசணி விதைக் குழம்பில் தோய்த்த டோர்ட்டியா என்ற சோள ரொட்டிக்குள் அவித்த முட்டை. எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.