பழகிய சாலையைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. பள்ளிக் காலத்தில் நாள்தோறும் சைக்கிளில் போய்வந்த அந்தச் சாலையைப் படமெடுத்து, அதன் வழியே என் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். முதல் மூன்று மாதங்களில் எடுத்தவை அனைத்தும் வீண்; எவருடைய சாலையாகவும் இருக்கக்கூடிய படங்கள் அவை.

முதலில் தவறியது நேரம். வெளிச்சம் இதமாக இருக்கும் என்பதால் பலரும் விடியற்காலையையே நாடுகிறார்கள். நானும் மார்கழிப் பனியில் போய், ஆளில்லாத சாலை தொலைவில் புள்ளியாய் மறைவதை எடுத்துவந்தேன். வங்கி நாட்காட்டிக்குப் பொருத்தமான படம். ஆனால் அந்தச் சாலையை நான் அறிந்ததெல்லாம் பள்ளி விட்டபின், நாலரை மணி வெயிலில்தான். சாலை ஏறக்குறைய வடக்கு நோக்கிச் செல்வதால், திருவையாற்றுப் பக்கம் மிதிக்கும்போது அந்நேர வெயில் இடக் கன்னத்தில் அடிக்கும். அது படத்தில் வரவேண்டுமென்றால், நாலரை மணிக்கே போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

மின்கம்பி, ஃபிளெக்ஸ் பேனர், குறுக்கே நிற்கும் பைக் ஆகியவற்றைச் செயலியால் அழித்துப் படத்தைத் துப்புரவாக்குவது இதைவிடப் பெரிய தவறு. நான் காற்றடிக்கும் சைக்கிள் கடைக்கு அப்போது மூன்று படிகள் இருந்தன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தரை உயர்ந்ததில், இன்று எஞ்சியிருப்பது ஒரு படி. மழைநீர் உள்ளே புகாதிருக்க, வாசலில் ஒரு வரிசைச் செங்கல் அடுக்கிப் பூசியிருக்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறதென்று முதல் படத்தில் அந்தச் செங்கல் வரிசையைத்தான் வெட்டி எறிந்திருந்தேன். கடந்துபோன வருடங்களை அந்தச் சாலையில் அதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு எதுவும் எனக்கு அகப்படவில்லை.

மறுமுறை போகும்போது உத்தேசமாக ஓரிடத்தில் நின்று எடுத்தால், இரண்டு படங்களையும் ஒப்பிட முடியாது. பாலத்துக் கைப்பிடிச் சுவரின் முனை தொலைவிலுள்ள எந்த மரத்தை, எந்த அளவுக்கு மறைக்கிறது என்று பழைய படத்தில் பார்த்துக்கொண்டு, அதே மறைப்பு கிடைக்கும்வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். கிடைத்த இடத்தில் ஜூமை மாற்றக் கூடாது. கேமராவின் உயரமும் முக்கியம். காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் தாம் ஒருபோதும் வாழ்ந்திராத உயரத்திலிருந்து தம் சாலையைப் பார்க்கிறார்கள்.

ஒரே பருவத்தோடு நிறுத்திவிடுவதும் பிழையே. மே மாதத்தில் வெறும் மணலாய்க் கிடக்கும் வெண்ணாறு, வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணையில் நீர் பிரிந்து வந்தபின் வேறு ஆறாகிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிட்டு மூலக் கோப்பை நீக்கிவிடாதீர்கள்; எடுத்த தேதி முதலிய தகவல்கள் அதில் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் தங்கும். என் படங்களில் இரண்டுக்கு அப்படித்தான் தேதி போயிற்று. பாலத்தின் கீழே தண்ணீர் ஓடுவதை வைத்து, மேட்டூர் திறந்தபின் எடுத்தவை என்று மட்டும் இன்று சொல்ல முடிகிறது.