ஜாஸ் பியானோ கலைஞர்களின் முதல் பதிவுகளைக் கேட்கப் பழகுவது எப்படி?

ஜாஸ் பியானோவைக் கேட்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரு கலைஞரின் புகழ்பெற்ற ஆல்பத்தில் தொடங்கி, அங்கிருந்து முன்னும் பின்னுமாக அலைவார்கள். முதல் பதிவிலிருந்து தொடங்குவது இதைவிட நல்ல வழி. அந்த ஆள் எங்கிருந்து வந்தார், எதை மாற்றினார் என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும். ஆனால் பழைய பதிவுகளில் இரண்டு சிக்கல்கள் உண்டு. பாட்டு கேட்கும் செயலியில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் தவறான ஆண்டு. காதில் விழும் சத்தத்தில் பாதி கலைஞருடையது, மீதி அன்றைய ஒலிப்பதிவுக் கருவியுடையது. இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டால் 1921-இல் பதிவான இசைத்தட்டைக்கூட ரசிக்க முடியும்.

தேவையானவை: காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஃபோனில் ஒரு கீபோர்டு செயலி, ஒரு நோட்டு. ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம், அதில் இடக்கை கேட்காது. இடக்கை கேட்காவிட்டால் இந்தப் பயிற்சியே வீண்.

படி 1: 'முதல்' என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கலைஞருக்கு நான்கு 'முதல்'கள் இருக்கலாம். தெலோனியஸ் மங்க்கை எடுத்துக்கொள்வோம். அவர் முதன்முதலில் ஸ்டூடியோவுக்குள் போனது 1944 அக்டோபரில், சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் குழுவில் ஒருவராக. தன் பெயரில் முதலில் பதிவு செய்தது 1947 அக்டோபர் 15 அன்று, புளூ நோட் நிறுவனத்துக்காக. அந்தப் பதிவுகள் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) வடிவில் தொகுக்கப்பட்டது 1951-இல். தனியாகப் பியானோ மட்டும் வாசித்த முதல் ஆல்பம் 1954-இல் பாரிஸில் பதிவானது.

இவற்றில் நீங்கள் தேட வேண்டியது இரண்டாவது: தன் பெயரில், தன் விருப்பப்படி வாசித்த முதல் நாள். பிறருடைய குழுவில் வாசித்தபோது கிடைத்த எட்டு பாரை (பார் என்பது தாளத்தின் ஓர் அலகு) வைத்து ஒருவரை எடைபோட முடியாது. 1940-களின் இறுதி வரைக்கும் 'முதல் ஆல்பம்' என்ற கேள்விக்கே பெரிதாகப் பொருளில்லை. அன்று ஆல்பம் என்றால் போட்டோ ஆல்பம் மாதிரி, நாலைந்து இசைத்தட்டுகளைச் செருகி வைக்கும் அட்டைப் புத்தகம்தான். கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டை 1948 ஜூனில் அறிமுகப்படுத்திய பிறகுதான் இன்றைய பொருள் வந்தது.

படி 2: பதிவான தேதியைக் கண்டுபிடியுங்கள்

வெளியான தேதி வேறு, பதிவான தேதி வேறு. பட் பவல் தன் முதல் மூவர் குழுப் பதிவை 1947 ஜனவரியில் முடித்துவிட்டார். தட்டு கடைக்கு வந்தது 1951-இல். நான்கு ஆண்டு இடைவெளி. அதற்குள் பியானோ உலகமே மாறியிருந்தது. செயலியில் உள்ள ஆண்டை நம்பினால் யார் யாரைப் பார்த்துக் கற்றார்கள் என்பது தலைகீழாகிவிடும்.

ஆல்பத்தின் உள்ளுறைக் குறிப்பிலோ, இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்கோகிராபி தளங்களிலோ பாருங்கள். நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள்: நாள், ஊர், நிறுவனம், உடன் வாசித்தவர்கள், டேக் எண். ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை வாசித்து, ஒன்றைத்தான் வெளியிடுவார்கள். மிச்சமுள்ள டேக்குகளைப் பிற்கால சி.டி.க்களில் சேர்த்திருப்பார்கள். ஆரம்பத்தில் அவற்றைத் தாண்டிவிடுங்கள். ஒரே பாட்டை அடுத்தடுத்து மூன்று முறை கேட்டால் யாருக்கும் சலிக்கும்.

இந்தப் படியில் கவனிக்க வேண்டிய பெரிய கண்ணி பியானோ ரோல். துளையிட்ட காகிதச் சுருளைத் தானியங்கிப் பியானோவில் மாட்டினால் அது தானே வாசிக்கும். 'ஸ்காட் ஜாப்ளின் வாசித்தது, 1916' என்று துல்லியமான ஸ்டீரியோவில் ஏதாவது கிடைத்தால் அது ரோல்தான். ஜாப்ளின் 1917-இல் இறந்தார். அவர் கைபட்டது என்று நம்மிடம் இருப்பவை ரோல்கள் மட்டுமே. ரோலில் பிறகு கையால் துளைகள் சேர்ப்பது அன்று வழக்கம், அதனால் பத்து விரலுக்கு எட்டாத ஸ்வரங்களும் அதில் வரும். சாதாரண ரோலில் அழுத்த வித்தியாசம் பதிவாகாது. வேகமும் ஓட்டுபவர் வைத்ததுதான். ரோலைத் தனியாகக் கேளுங்கள், ஒலிப்பதிவு என்று எண்ணிக் கேட்காதீர்கள்.

படி 3: எந்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிவானது என்று பாருங்கள்

1925-க்கு முந்தைய தட்டு என்றால் மைக்கே கிடையாது. சுவரில் ஒரு பெரிய கூம்புக் குழாய். அதற்குள் போகும் சத்தத்தின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். இதற்குப் பியானோ மிகவும் பொருந்தாத வாத்தியம். கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் மங்கிவிடும், நடுப்பகுதி மட்டும் தகரத்தில் தட்டியதுபோலக் கேட்கும். மெல்ல வாசித்தால் பதிவாகாது என்பதால் எல்லாவற்றையும் ஓங்கியே வாசித்தார்கள். 'இவருக்கு நளினம் இல்லை' என்று புதியவர்கள் தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் இந்தக் குழாயைப் பார்த்துத்தான்.

1925-இல் மைக்கும் மின்சாரப் பதிவும் வந்தன. மென்மையாகத் தொட்ட ஸ்வரமும் கேட்கத் தொடங்கியது. ஆனால் நேரம் மாறவில்லை. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம்தான்.

கணக்குப் போட்டால் இதன் நெருக்கடி புரியும். நிமிடத்துக்கு 160 தட்டு (இங்கே தாளத் தட்டு) என்ற வேகத்தில் 3 நிமிடத்துக்கு 480 தட்டு. ஒரு பாருக்கு நான்கு தட்டு, ஆக 120 பார். பாட்டின் ஒரு சுற்று 32 பார் என்றால் மூன்றே முக்கால் சுற்று. முதல் சுற்று மெட்டுக்கு, கடைசிச் சுற்று முடிப்புக்கு. கலைஞரின் மனோதர்மத்துக்கு மிஞ்சுவது இரண்டு சுற்றுக்கும் குறைவு. நம் ஊர் கிராமபோன் காலத்தில் ஆலாபனை சில விநாடிகளாகச் சுருங்கியதும் இதே இசைத்தட்டால்தான். அதனால் பழைய தட்டு 'சீக்கிரம் முடிந்துவிட்டது' என்று குறைப்படாமல், அந்த இரண்டு சுற்றுக்குள் என்ன அடக்கினார் என்று பாருங்கள்.

படி 4: வேகத்தைச் சரிபாருங்கள்

'78 தட்டு' என்று பொதுவாகச் சொன்னாலும் பழைய தட்டுகள் எல்லாமே சரியாக நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் வேகத்தில் பதிவானவை அல்ல. தவறான வேகத்தில் ஓட்டி டிஜிட்டலாக்கிய பிரதிகள் ஏராளம். கடைசி ஸ்வரத்தைக் கீபோர்டு செயலியில் தேடுங்கள். ஏதாவது ஒரு கட்டையோடு ஓரளவு ஒட்டினால் சரி. அன்றைய பியானோக்களின் ஸ்ருதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல, சின்ன விலகல் இயல்பு. இரண்டு கட்டைகளுக்கு நட்ட நடுவில் விழுந்தால் சந்தேகப்படுங்கள். கிட்டத்தட்ட 6 சதவீத வேக மாற்றம் ஸ்ருதியை அரை ஸ்வரம் நகர்த்தும். 3 நிமிடப் பாட்டில் அது 10 விநாடி வித்தியாசம். ஒரே பதிவின் இரண்டு பிரதிகளின் நீளம் இப்படி வேறுபட்டால், ஒன்று நிச்சயம் தவறு.

படி 5: பிரதியைத் தேர்ந்தெடுங்கள்

கீறல் சத்தமே இல்லாத பிரதியை எடுக்காதீர்கள். இரைச்சலைத் துடைக்கும்போது பியானோவின் சுத்தியல் கம்பியில் படும் அந்தக் கூர்மையும் சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள் வாசித்த மாதிரி இருக்கும். மோனோ பதிவுக்குப் பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ பூசிய பிரதிகளும் உண்டு. பியானோ இரண்டு காதிலும் எதிரொலித்து இழுபட்டால் அதை விட்டுவிட்டு மோனோவைத் தேடுங்கள். கீறல் சத்தம் இரண்டு நாளில் காதுக்குப் பழகிவிடும்.

படி 6: இந்த வரிசையில் கேளுங்கள்

ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஒவ்வொன்றையும் மூன்று முறை: முதல் முறை சும்மா, இரண்டாம் முறை இடக்கையை மட்டும், மூன்றாம் முறை சுற்றுகளை எண்ணிக்கொண்டு.

ஜேம்ஸ் பி. ஜான்சன், 'கரோலைனா ஷவுட்', 1921, ஓகே நிறுவனம். இது 'ஸ்ட்ரைடு' பாணி. இடக்கை 1, 3-ஆம் தட்டுகளில் கீழே ஒற்றை ஸ்வரம், 2, 4-இல் நடுவில் பல ஸ்வரங்கள் சேர்ந்த கொத்து என்று தாவிக்கொண்டே இருக்கும். கையைத் தொடையில் தட்டி இந்த 'தும்-சக்-தும்-சக்'கைப் பிடியுங்கள். முதல் பகுதியிலேயே அது உங்களை ஏமாற்றும்: ஜான்சன் இடக்கையை மூன்று மூன்றாகப் பிரித்துப் போட்டு, கடைசியில் இரண்டைப் போட்டுச் சமத்துக்கு வருவார். கஞ்சிரா கேட்ட காதுக்கு இது அந்நியமல்ல. இந்தப் பாட்டின் ரோலை மெல்ல ஓடவிட்டு, தாழும் கட்டைகளில் விரலை வைத்துத்தான் இன்னொரு பியானோ கலைஞரான டியூக் எலிங்டன் இதைக் கற்றார்.

ஜெல்லி ரோல் மார்ட்டன், 'கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்', 1923 ஜூலை, இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் நிறுவனத்தின் ஸ்டூடியோ. பக்கத்தில் ரயில் பாதை, ரயில் வந்தால் பதிவு நிற்கும். ஒரு முழு பேண்டை ஒற்றைப் பியானோவில் வாசிப்பவர் மார்ட்டன். ஓரிடத்தில் இடப்பக்கக் கட்டைகளை மொத்தமாக அடிப்பார். குழாய்ப் பதிவில் அது ஸ்வரமாக இல்லாமல் 'டமால்' என்று விழும்.

ஆர்ட் டேட்டம், 'டைகர் ராக்', 1933 மார்ச், பிரன்ஸ்விக். தனிப் பியானோவில் அவருடைய முதல் நாள் பதிவு. அறிமுகம் முடிந்து தாளம் பிடித்ததும் வலக்கை பொழியும், பத்தே விநாடியில் நீங்கள் தாளத்தைத் தவறவிடுவீர்கள். வலக்கையைத் துரத்தாமல் இடக்கையைப் பிடித்துக்கொண்டால் கரையேறலாம். மேரி லூ வில்லியம்ஸ் 1930-இல் சிகாகோவில் வாசித்த 'நைட் லைஃப்' தட்டையும் இதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கிடைக்க வேண்டிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை.

தெலோனியஸ் மங்க், 'தெலோனியஸ்', 1947 அக்டோபர் 15. கீபோர்டில் பி ஃபிளாட் கட்டையை அழுத்திப் பாருங்கள். மெட்டு கிட்டத்தட்ட அந்த ஒரே ஸ்வரம்தான். திரும்பத் திரும்ப அதையே தட்டுவார், அடியில் கொத்துகள் மட்டும் நகரும். நம் காதில் ஒரே ஸ்வரம் ஒவ்வொரு முறையும் வேறாகக் கேட்கும். பிறகு அவருடைய தனி வாசிப்பில் திடீரென்று பழைய 'தும்-சக்' தலைகாட்டும். ஜான்சனின் இடக்கை! புரியாத புதுமை என்று பலர் ஒதுக்கிய மனிதருக்குள் 1921 உயிரோடு இருக்கிறது. வரிசையாகக் கேட்டவருக்கு மட்டுமே இந்த இடம் பிடிபடும்.

ஹெர்பி ஹான்காக், 'டேக்கின் ஆஃப்' ஆல்பம், 1962 மே 28, வான் கெல்டர் ஸ்டூடியோ. வயது 22, ஆறு பாட்டும் சொந்தப் பாட்டு. 'வாட்டர்மெலன் மேன்' பாட்டில் சுற்று 16 பார். வழக்கமான புளூஸ் 12 பாரில் முடியும் என்று எண்ணினால் நான்கு பார் மிஞ்சும். அங்கேதான் பெரும்பாலானோர் தாளம் தவறுகிறார்கள்.

படி 7: ஒரே பாட்டை இரண்டு தேதிகளில் வைத்துக் கேளுங்கள்

இதற்கு பில் எவான்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை. 27 வயதில், 1956 செப்டம்பரில், ரிவர்சைடு நிறுவனத்துக்காக முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். முதல் ஆண்டில் சுமார் 800 பிரதிகள்தான் விற்றன. அதில் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' தனிப் பியானோவாக ஒன்றேகால் நிமிடம் போல வரும். மனோதர்மம் கிடையாது, மெட்டை வாசித்துவிட்டு எழுந்துவிடுவார். இப்போது 12 அங்குல எல்.பி. காலம், நேரத் தட்டுப்பாடு இல்லை. ஆகவே இந்தச் சுருக்கம் தட்டு போட்ட கட்டளை அல்ல, அவரே எடுத்த முடிவு. முதலிலிருந்து கடைசி வரை ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

அடுத்து, 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் ரசிகர்கள் முன் வாசித்த வடிவம். ஸ்காட் லாஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். மோஷன் 1956 ஆல்பத்திலும் இருந்தவர். இதுவும் மூன்றில் தொடங்கும். எண்ணுவதை நிறுத்தாதீர்கள். மெட்டு முடிந்து மூவரும் சேர்ந்து கிளம்பும் இடத்தில் உங்கள் மூன்று பொருந்தாமல் போகும், தாளம் நான்குக்கு மாறியிருக்கும். அந்த இடத்தின் நிமிடத்தையும் விநாடியையும் நோட்டில் குறியுங்கள். பிறகு பத்து விநாடி பின்னால் போய், மாற்றத்துக்கு முன்பே லாஃபாரோவின் பாஸ் என்ன செய்கிறது என்று மறுபடி கேளுங்கள்.