ஹப்பிளைச் சரிசெய்யப் போகுமுன்: விண்வெளித் தொலைநோக்கிகள் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கத்துப் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில், பூமியைச் சுற்றும் விண்வெளித் தொலைநோக்கியான ஹப்பிளின் தெர்மாகோல் மாதிரிக்குக் குறைவே இருப்பதில்லை. பக்கத்தில் ஒரு விண்வெளி வீரர் பொம்மை, கையில் ஸ்பேனர். "தொலைநோக்கி பழுதானால் வீரர்கள் போய்ச் சரிசெய்துவிடுவார்கள்" என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து தவறுகள் இருக்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. பெரியவர்கள் எழுதும் கட்டுரைகளிலும் இதே கதைதான்.

முதல் தவறு, எந்தத் தொலைநோக்கியையும் பழுதுபார்க்கலாம் என்று நினைப்பது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. அங்கே ஒரு கருவி மக்கர் செய்தால் ஆள் ஏறிப் போய்க் கழற்றிப் பார்க்கலாம். விண்வெளியில் அந்த வசதி, தொலைநோக்கியை வரைபடத்தில் வரையும்போதே எழுதி வைத்திருந்தால் மட்டும்தான் உண்டு. ஹப்பிளுக்கு எழுதி வைத்தார்கள். வீரர்கள் பிடித்து நகர உடல் முழுக்கக் கைப்பிடிகள், திறக்கக்கூடிய கதவுகள், அப்படியே உருவி எடுத்து மாற்றக்கூடிய கருவிகள், விண்வெளி ஓடத்தின் இயந்திரக் கை பற்றிக்கொள்ள ஒரு முளை. அதனால்தான் 1993, 1997, 1999, 2002, 2009 என ஐந்து முறை போய்வர முடிந்தது. 1999-இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியிருக்கும் அது, பூமியிலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் போய்த் திரும்பும் நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னும் தொலைவு, 15 லட்சம் கிலோமீட்டர். இந்த இரண்டையும் வீரர்கள் போய்ச் சரிசெய்வதுபோல் படம் வரைய வேண்டாம்.

இதோடு ஒட்டிய சின்னத் தவறு ஒன்று: 1993-இல் ஹப்பிளின் கண்ணாடியை மாற்றினார்கள் என்பது. மாற்றவில்லை. 2.4 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கண்ணாடியின் விளிம்பு, செய்யும்போதே 2.2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. அந்தப் பிழை இன்றும் அங்கேயே இருக்கிறது. பிழையை ஈடுகட்டும் சிறு கண்ணாடிகளையும், திருத்தம் உள்ளேயே அமைந்த புதுக் கேமராவையும் வைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்தது, நான் அடிக்கடி சண்டை பிடிக்கும் தவறு. "சர்வதேச விண்வெளி நிலையத்தில்தான் ஆட்கள் இருக்கிறார்களே, அங்கிருந்து ஹப்பிளுக்கு ஒரு எட்டுப் போய்வந்தால் என்ன?" உயரத்தைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர், ஹப்பிள் ஏறத்தாழ 500. ஆனால் சிக்கல் உயரத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது. நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்தது, ஹப்பிளின் பாதை 28.5 பாகை. மதுரையில் இருப்பவர்கள் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. நாம் 10 பாகை வடக்கில் இருப்பதால் இரண்டுமே நம் தலைக்கு மேலே போகும். பொழுது சாய்ந்த பின்போ விடியலுக்கு முன்போ மாடியில் நின்று பார்த்தால், நிலையம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ நன்றாகச் சரிந்து வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும். ஹப்பிள் அதைவிட மங்கலாக, மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சற்றே சரிந்து போகும். லண்டன்காரர்களுக்கு ஹப்பிளைப் பார்க்கும் யோகமே கிடையாது. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள கோணத்தைத் திருப்ப வினாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகமாற்றம் வேண்டும். இன்று ஆட்களை ஏற்றிச்செல்லும் எந்தக் கலத்திலும் அதற்கான எரிபொருள் இல்லை.

இது வெறும் கணக்குப் பாடம் அன்று. 2003-இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறிய பின், ஹப்பிளுக்கான கடைசிப் பயணத்தை 2004 ஜனவரியில் நாசா ரத்து செய்தது. ஓடத்துக்குச் சேதம் ஏற்பட்டால் ஹப்பிள் பாதையிலிருந்து நிலையத்துக்குப் போய்த் தஞ்சமடைய வழியில்லை என்பது அதற்கு முக்கியமான காரணம். 2006-இல் முடிவு மாறியது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் கிளம்பியபோது, மீட்கப் போவதற்கென்றே எண்டவர் இன்னொரு ஏவுதளத்தில் தயாராக நின்றது.

எடையற்ற இடத்தில் எதையும் கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்பதும் தவறு. எடைதான் இல்லை, நிறை இருக்கிறது. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மிதக்கும் தேங்காயை ஒற்றை விரலால் நிறுத்தப் பார்ப்பதுபோல்தான், தொட்டால் நழுவும். 1984 ஏப்ரலில் சூரியனை ஆராயும் சோலார் மேக்ஸ் செயற்கைக்கோளைப் பழுதுபார்க்க சேலஞ்சர் ஓடம் போனது. ஜார்ஜ் நெல்சன் முதுகில் கட்டிய உந்து கருவியோடு கயிறு எதுவும் இல்லாமல் பறந்து போய், நெஞ்சுக்கு முன் இருந்த பிடிகருவியைச் செயற்கைக்கோளின் முளையில் மாட்டப் பார்த்தார். மாட்டவில்லை. மறுபடி முட்டினார். மறுபடியும் இல்லை. முளைக்குப் பக்கத்தில், வெப்பப் போர்வையைப் பொருத்தியிருந்த, ஆனால் வரைபடத்தில் இல்லாத ஒரு சின்னக் குமிழ் குறுக்கே நின்றது. வேறு வழியின்றி அவர் சூரியத் தகட்டைக் கையால் பிடித்தார். அதுவரை ஒழுங்காக மெல்லச் சுழன்றுகொண்டிருந்த செயற்கைக்கோள், தறிகெட்டு உருளத் தொடங்கியது. தகடு சூரியனைப் பார்க்காததால் மின்கலங்கள் வடியத் தொடங்கின. தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தார் பாடுபட்டு அதை அமைதிப்படுத்திய பிறகுதான் இயந்திரக் கையால் பிடிக்க முடிந்தது. பழுதை நீக்கி, மறுபடி பாதையில் விட்டார்கள். கண்காட்சி மாதிரியில் ஒரு பொருளைத்தான் பெரிதாகக் காட்டலாம் என்றால், என் ஓட்டு ஸ்பேனருக்கு இல்லை, அந்த இயந்திரக் கைக்குத்தான்.

ஸ்பேனர் வேலையும் எளிதன்று. 2009-இல் மைக் மாசிமினோ ஹப்பிளின் நிறமாலைக் கருவி ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. விண்வெளியில் திறப்பதற்காகச் செய்யப்படாத மூடி அது. 111 சிறு திருகாணிகள். ஒன்று கழன்று மிதந்து உள்ளே புகுந்தாலும் கதை கந்தல். அதற்காகவே, திருகாணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் துளையிட்ட ஒரு தகட்டைத் தயாரித்திருந்தார்கள். சோதனை வந்தது வேறு பக்கமிருந்து. தகட்டைப் பொருத்துமுன் கழற்ற வேண்டிய சாதாரணக் கைப்பிடியின் ஒரு திருகாணியின் தலை தேய்ந்து, கருவி வழுக்கியது. தரையில் பொறியாளர்கள் சோதித்துப் பார்த்து, கையால் பிய்த்துவிடலாம் என்றார்கள். மாசிமினோ, தூள் பறக்காதிருக்க டேப் சுற்றிவிட்டுப் பிய்த்தார். நூற்றுப் பதினொன்றும் ஒழுங்காகவே கழன்றன.

தூசு, புகை இரண்டையும் மறந்துவிடுவதும் வழக்கமான பிழை. நெருங்கும் கலத்தின் உந்திகள் கக்கும் வாயு கண்ணாடியில் படிந்தால் பார்வை மங்கும். அதனால் தொலைநோக்கியின் வாய்க்கதவை மூடிவிட்டு, உந்திகளை நேரே அதன் மேல் பீச்சாமல்தான் அணுகுவார்கள்.

"கீழே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைக்கலாமே" என்பவர்களுக்கு: ஒரு காலத்தில் அது நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது. 1990 ஜனவரியில் கொலம்பியா ஒரு பெரிய ஆய்வுக்கலத்தை இறக்கிக் கொண்டுவந்தது. 1996-இல் எண்டவர், அகச்சிவப்புத் தொலைநோக்கியைச் சுமந்த ஜப்பானியக் கலம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் 2011-இல் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. ஹப்பிள் 13 மீட்டர் நீளம், 4.2 மீட்டர் விட்டம், ஏறத்தாழ 12 டன். இன்று வீரர்களை ஏற்றிச்செல்லும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தின் அகலமே 4 மீட்டர்தான். அதற்குள் அடைப்பது எப்படி என்று யாராவது கேட்டால் எனக்கு விடை தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

கடைசியாக, முழுதாகச் செத்த பிறகு போய்ப் பிழைக்க வைக்கலாம் என்ற நினைப்பு. திசை காக்கும் கைரோஸ்கோப்புகள் முழுதும் போனபின் உருளும் தொலைநோக்கியை நெருங்குவதே ஆபத்து. விண்ணில் சுற்றிக்கொண்டிருந்த காம்ப்டன் காமா கதிர் ஆய்வகத்தின் கைரோஸ்கோப் ஒன்று பழுதானதும், இன்னொன்றும் போனால் கட்டுப்பாடின்றி விழும் என்று அஞ்சி, மற்றக் கருவிகள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே 2000 ஜூனில் அதைப் பசிபிக் கடலில் இறக்கிவிட்டார்கள். ஹப்பிளுக்கு 2009-இல் ஆறு புதிய கைரோஸ்கோப்புகள் பொருத்தினார்கள். 2024 ஜூன் முதல் அது ஒன்றே ஒன்றை நம்பி ஓடுகிறது. காற்றின் உராய்வில் பாதையும் தாழ்ந்துகொண்டே வருகிறது. டிராகனை அனுப்பி உயர்த்த முடியுமா என்று 2022-இல் ஆய்வு ஒன்று தொடங்கியது. டிராகனுக்கு இயந்திரக் கை இல்லை, காற்றடைப்பு அறை இல்லை. ஒருவர் வெளியே போக வேண்டுமானால் உள்ளிருக்கும் அனைவரும் விண்ணுடை அணிந்து, அறையின் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். 2024 செப்டம்பரில் போலாரிஸ் டான் என்ற தனியார் விண்வெளிப் பயணத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஹப்பிளை உயர்த்தும் யோசனையை இப்போதைக்குத் தொடரப் போவதில்லை என்று நாசா 2024-இல் அறிவித்தது. ஹப்பிளின் அடிப்பகுதியில் 2009-இல் பொருத்திய பிடிவளையம், எதிர்காலத்தில் ஒரு கலம் வந்து பற்றிக்கொள்வதற்காக, இன்னும் அங்கேதான் இருக்கிறது.