‘நான்’ என்று எழுதப் பழகுவது: கல்வி ஆய்வுக்கு வரும் கணக்குக்காரர்களுக்கு

கிராஃப் தியரியில் பிஎச்.டி. முடித்து, சேலத்தில் ஒரு கல்லூரியில் பதினேழு வருடமாகக் கணக்கு நடத்துகிறேன். என் பெயரில் வந்த கணிதக் கட்டுரைகள் எதிலும் ‘நான்’ என்ற சொல்லே கிடையாது. ‘ஓர் இணைந்த கிராஃபை எடுத்துக்கொள்வோம்’ என்று ஆரம்பிப்போம், நிறுவுவோம், நிரூபணம் முடிந்தது என்பதற்குக் கடைசியில் சின்னக் கட்டம் போட்டு எழுந்துவிடுவோம். ஐந்து வருடம் முன்பு, மாணவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கல்வி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. கணக்கில் பிழை எதுவும் சொல்லவில்லை. ‘இந்த வகுப்பறையில் நீங்கள் யார்?’ என்று மட்டும் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் யாராக இருந்தால் என்ன? பையன் எழுதியது எழுதியதுதானே?

அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் பதில் எழுத எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கணக்கிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

முதலில் கேள்வித்தாள் தயாரிக்காதீர்கள். நம் ஆட்கள் கல்வி ஆய்வு என்றதும் நூறு பேருக்கு ஒரு படிவம் கொடுத்து, ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் போடச் சொல்லி, சராசரி எடுத்து ஓய்ந்துவிடுகிறோம். எண்ணைப் பார்த்தால்தான் நமக்கு நிம்மதி. அதை விட்டுவிட்டு, போன இன்டர்னல் தேர்வின் விடைத்தாள் கட்டைப் பிரியுங்கள். ஒரே ஒரு தவறான விடையைத் தேடுங்கள். வெறும் கூட்டல் பிழை வேண்டாம். எழுதியவர் முழு நம்பிக்கையோடு எழுதிய தவறு வேண்டும்.

எனக்குக் கிடைத்தது இது. 1, −1/2, 1/3, −1/4 என்று போகும் தொடர்முறையின் எல்லை (லிமிட்) என்ன? இரண்டு பக்கமும் மாறி மாறிப் பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே போவதால் விடை பூஜ்யம். முதலாம் ஆண்டு பி.எஸ்சி. பையன் ஒருவன் ‘எல்லை இல்லை’ என்று எழுதியிருந்தான். பழைய நானாக இருந்தால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். கூப்பிட்டுக் கேட்டேன். “பூஜ்யத்த தாண்டித் தாண்டிப் போகுதுங்க மேடம். எல்லைன்னா தாண்டக் கூடாதில்லைங்களா?”

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். அவனுக்கு எல்லை என்றால் எல்லைக்கல், எல்லைச்சாமி. நானும் தமிழ்வழிதான். அந்தச் சொல்லை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன், அதற்குள் ஒரு வேலி இருப்பது ஒரு நாளும் உறைத்ததில்லை. இது தமிழின் குற்றமும் இல்லை. ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகள் ‘ஸ்பீடு லிமிட்’டை மனதில் வைத்துக்கொண்டு இதே இடத்தில் இடறுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு கருத்துக்கு நாம் கொடுக்கும் வரையறை ஒன்று, அந்தப் பெயரைக் கேட்டதும் மனதில் எழும் படங்களும் உதாரணங்களும் வேறொன்று என்று கணிதக் கல்வி ஆய்வாளர்கள் டேவிட் டாலும் ஷ்லோமோ வின்னரும் 1981-இல் பிரித்துக் காட்டினார்கள். என் பையனுக்கு வரையறை மனப்பாடம். படம்தான் வேறு.

அடுத்தது வாசிப்பு. கோட்பாட்டுப் புத்தகத்தில் ஆரம்பித்தால் பத்தாம் பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். எர்ல்வாங்கர் 1973-இல் எழுதிய பென்னியின் கதையில் ஆரம்பியுங்கள். பென்னி அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பையன், வயது 12. அவரவர் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடித்து முன்னேறும் திட்டத்தில் படித்தான். கணக்கில் நல்ல மாணவன் என்றுதான் ஆசிரியர் நினைத்திருந்தார். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், 2/10 என்பதை அவன் 1.2 என்கிறான். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டு, நடுவே ஒரு புள்ளி வை. அவ்வளவுதான் விதி. 0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால் 0.07 என்கிறான். கணக்கு என்பது யாரோ வைத்திருக்கும் விடைப் பட்டியலோடு பொருந்திப்போக ஆடும் ஆட்டம் என்பது அவன் எண்ணம்.

ஒரு பையனை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும் என்று நம் மூளை முணுமுணுக்கும். முடியும். ‘மார்க் நன்றாக வந்தால் புரிந்திருக்கிறது’ என்ற கூற்றுக்குப் பென்னி ஓர் எதிர் எடுத்துக்காட்டு. ஒரு கூற்றைப் பொய்யாக்க அப்படி ஒன்று போதும் என்று வேறு யாரைவிடவும் நமக்குத்தான் தெரியும். ஆனால் ‘பெரும்பாலும்’, ‘இந்தச் சூழலில்’ என்று வரும் கூற்றுகளை எதிர் எடுத்துக்காட்டு ஒன்றால் வீழ்த்திவிட முடியாது. அங்கே சான்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். இந்த வித்தியாசத்தைக் கணக்குக்காரர்களுக்காகவே ஆலன் ஷோன்ஃபெல்ட் 2000-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ‘நோட்டீசஸ்’ இதழில் விளக்கியிருக்கிறார். அவரே 1973-இல் கணிதத்தில் பிஎச்.டி. வாங்கியவர். நம் பாஷையில் பேசுவார், இரண்டாவதாக அவரைப் படியுங்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் நெருங்கியது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைப் பற்றி நூனஸ், கராஹர், ஷ்லீமன் மூவரும் 1985-இல் எழுதியது. விற்கும் இடத்தில் வாடிக்கையாளராகப் போய்க் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே கணக்குகளைப் பள்ளிப் பாணியில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம்.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறு டச் (நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சுத்தமான) வெள்ளியும் அறுபது டச் வெள்ளியும் கலந்து எழுபது டச் ஆக்க வேண்டும் என்றால், “இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் பத்து, அப்ப ஒண்ணுக்கு ரெண்டு கண்ணு” என்று உருக்கும்போதே சொல்லிவிடுவார். (எழுபதிலிருந்து தொண்ணூறு இருபது தள்ளி, அறுபது பத்து தள்ளி; அதனால் தொண்ணூறு ஒரு பங்கு, அறுபது இரண்டு பங்கு.) என் மாணவர்கள் இதற்கு இரண்டு மாறி வைத்து, சமன்பாடு எழுதி, பாதியில் விட்டுவிடுவார்கள். நான் பல வருடம் அப்பாவின் கணக்கை ‘கணக்கு’ என்று நினைத்ததே இல்லை. கல்லூரியில் யாராவது கேட்டால் “அப்பா நகைத் தொழில்” என்று மழுப்புவேன். ஆய்வாளராக நான் யார் என்ற கேள்விக்கு முதல் துப்பு அந்த மழுப்பலில்தான் கிடைத்தது.

சரி, பேட்டிக்கு வருவோம். மாணவரோடு பேசுவதைப் பதிவு செய்யுங்கள். சாதாரண ஃபோன் போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. அப்புறம் ஒவ்வொரு சொல்லையும் நீங்களே கேட்டு எழுதுங்கள். வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், மென்பொருளிடமும். இருபது நிமிடப் பேச்சை எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஆனால் அதில்தான் என் குரலை முதல்முறை கேட்டேன். கேள்வி கேட்டுவிட்டு நான் ஒரு நொடிகூடக் காத்திருக்கவில்லை, நானே பதிலும் சொன்னேன். (ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினால் மாணவர்கள் நீளமாகப் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே கண்டிருக்கிறார். படித்தபோது மற்றவர்களைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.) அதைவிட ஒன்று: தேற்றம் என்றால் இங்கிலீஷ், திட்டுவது என்றால் தமிழ். இரண்டு மொழியையும் அப்படிப் பங்கு போட்டு வைத்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்கே தெரியாது.

அனுமதி வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தில் வாங்குங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். ‘வேண்டாம் என்றால் இன்டர்னல் மார்க் குறையாது’ என்று தமிழில் எழுதிக் கொடுங்கள், முடிந்தால் அந்த செமஸ்டர் மார்க் போட்டு முடித்த பிறகு பேசுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ‘ஏற்காட்டில் இன்ன கிராமத்திலிருந்து வரும் பையன்’ என்று எழுதினால் எங்கள் கல்லூரியில் வாட்ச்மேன்கூட ஆளைச் சொல்லிவிடுவார். ‘எல்லை இல்லை’ என்று எழுதிய பையன் மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவன் என்பதோடு நான் நிறுத்திக்கொள்வது அதனால்தான்.

இனி அந்த ஒரு பக்கம். ‘நான் யார்’ என்று எழுதும் பக்கம்.

அடையாளம் என்ற சொல் நமக்கு வழவழவென்று படும். அன்னா ஸ்ஃபார்டும் அன்னா ப்ரூசாக்கும் 2005-இல் அதற்குக் கொடுத்த வரையறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளே அவர் அடையாளம் என்கிறார்கள். எந்தக் கதைக்கும் மூன்று பேர் உண்டு: சொல்பவர், சொல்லப்படுபவர், கேட்பவர். மூன்று உறுப்புகள் கொண்ட வரிசை என்று வைத்துக்கொண்டால் நமக்கு வேலை சுலபம். அட்டவணை போட்டேன். ‘என் பொண்ணு கணக்குல புலி’ என்று அப்பா பட்டறையில் சொன்னது ஒன்று. ‘அந்த மேடம் கேள்வி கேட்டா வாயத் திறக்காத’ என்று சீனியர் ஜூனியரிடம் சொல்வது ஒன்று. ‘கணக்க விட்டுட்டு பி.எட். பக்கம் போயிட்டீங்களா மேடம்?’ என்று சக ஆசிரியர் என்னிடமே சொல்வது ஒன்று. நான் எனக்குச் சொல்லிக்கொள்வது: ‘நான் கஷ்டப்பட்டு வந்தேன், அவனாலும் முடியும்.’ கேட்க நல்ல வாக்கியம். மூன்று வருடத் தரவைக் கெடுத்தது அதுதான். நவம்பர், டிசம்பரில் அந்தப் பையன் பாதி நாள் வரவில்லை. ‘அக்கறை இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது, வீட்டோடு எல்லாரும் எஸ்டேட்டில் நிற்பார்கள். எல்லை பற்றி நான் நடத்தியதும் அதே வாரங்களில்தான்.

சுயசரிதை எழுதிவிடாதீர்கள், தரவைத் தொடும் விஷயம் மட்டும் போதும். என் முதல் வரைவு ‘ஆய்வாளர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்’ என்று தொடங்கியது. அது விசிட்டிங் கார்டு. கடைசி வரைவு: ‘நான் இந்த மாணவர்களுக்கு மார்க் போடுபவள். இவர்களைப் போலத் தமிழ்வழியில் படித்தவள், ஆனால் நகரத்தில், பேருந்து தேவைப்படாத தூரத்தில்.’ சாதியை எழுதுவதா என்று வெகுநாள் யோசித்தேன். ‘எந்த ஊரு?’ என்று நான் கேட்டபோது பையன் ஒரு கணம் தயங்கியது பதிவில் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பது இருவருக்கும் தெரியும். எழுதினேன்.

கணக்கை விட்டுவிட்டோமோ என்ற பயம் வரும். 1908-இல் ரோம் நகரில் கணிதக் கல்விக்கான சர்வதேச ஆணையம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பெரிய ஜெர்மன் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் க்ளைன். நம் ஊரில், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது இருந்த ஆர். ராமானுஜம், 2005 தேசியக் கலைத்திட்டத்துக்கான கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பிரச்சினைகளைப் பட்டியலிடும்போது பிள்ளைகளின் கணக்குப் பயத்தைத்தான் முதலில் வைக்கும். இவர்களைக் கணக்கை விட்டவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. சக ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லிப் பயனில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விடைத்தாள் கட்டைக் கடன் கேளுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. எழுதியதை மாணவரிடம் காட்டுங்கள். நான் பேச்சுப் பதிவின் நகலையும், என் விளக்கத்தைத் தமிழிலும் கொடுத்தேன். கேன்டீனில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தான். ஓர் இடத்தில் விரலை வைத்தான். “இது நான் சொன்னதில்லைங்க மேடம். முதல் நாள் கிளாஸ்ல நீங்க போர்டுல ஒரு கோடு போட்டு, இதத் தொடாம கிட்டக் கிட்டப் போகும், தாண்டாதுன்னு சொன்னீங்க. அதத்தான் திருப்பிச் சொன்னேன்.”

பழைய பாடக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 1/2, 2/3, 3/4 என்று எழுதி, மேலே 1-இல் ஒரு கோடு. என் கையெழுத்துதான். கட்டுரையின் நான்காம் பகுதியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், அந்தக் குறிப்பின் படத்தோடு.